பஸ்ஸில் நீ சொன்னது

மச்சான்,

போன வியாழக்கிழமை காலை மறுபடியும் அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் இருந்தேன். ஹெட்போனைத் தலையில் மாட்டியதும் அதன் பஞ்சிலிருந்து அதே வாசம் வந்தது. எத்தனையோ பேருடைய தலை எண்ணெயும் வியர்வையும் ஊறிப்போன புளித்த வாசம். கையில் பட்டன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதுப் பரிசோதனை செய்கிற மிஸ். மூன்று வருடத்துக்கு முன்னர் இதே கதிரையில் நான் இருந்தபோது வெளியே வாங்குப் பலகையில் நீ காத்திருந்தாய். இந்த முறை அந்த வாங்கில் யாரோ ஒரு ஐயா வாயைத் திறந்தபடி நித்திரையாக இருந்தார்.

நீ போய் எட்டு மாதமாகிறது. நீ உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். கோழைகளுக்குக் கடிதம் வசதியானது. எதிரில் முகம் இராது.

உன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நமக்குள் அது எழுத்தில் இருந்ததுமில்லை. இடது புருவத்தில் உனக்கிருந்த தழும்பை நினைத்து இரண்டு விரலால் புருவத்தைத் தொட்டால் அது நீ. காதுக்குப் பின்னால் ஒரு விரலைச் சுழற்றினால் அது நான், மெஷின்காரன். நம் அணியில் காதில் மெஷின் போட்டவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லோரும் உன்னைப் போலப் பிறப்பிலேயே முழுதாகக் கேளாதவர்கள். எனக்கு ஐந்து வயதில் வந்த காய்ச்சல் வலது காதை முழுதாகக் கொண்டுபோய்விட்டு, இடது காதில் கொஞ்சத்தை மிச்சம் வைத்தது. அந்தக் கொஞ்சம்தான் இவ்வளவு கரைச்சலுக்கும் காரணம்.

உன்னிடம் வரும்வரை நான் அன்புவழிபுரத்தில் காது கேட்கிற பொடியன்களோடு உதைபந்து விளையாடினேன். மழைக்கும் வியர்வைக்கும் பயந்து மெஷினைக் கழற்றிவிட்டுத்தான் ஆடுவேன். அவர்கள் "விடு", "பின்னால ஆள்" என்று கத்துவார்கள். எனக்கு அது வெறும் இரைச்சல். பந்து பறிபோகும். பிறகு மெல்ல மெல்ல எனக்குப் பந்து வருவதே நின்றுபோனது. ஒருநாள் ஒருவன் தோளில் கைபோட்டு, "உனக்குச் சொல்லி விளையாட ஏலாது மச்சான், குறை நினையாதை" என்றான். நான் குறை நினைத்தேன். ஒரு வருடம் பந்தைத் தொடவில்லை.

உன் அணிக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. சைகை ஒன்றும் தெரியாது, எல்லாம் பிறகு நீ பழக்கியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்து வலைப்பந்துத் திடலில், சீமெந்துத் தரையில், பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் உதைபந்து. அணியில் ஏழு பேர். நான் எட்டாவது. கோல் காப்பவனும் நீ, கப்டனும் நீ. அங்கே யாரும் கத்தவில்லை. பந்து வெளியே போனதும் நான்கு தலையும் ஒன்றாகத் திரும்பி உன் கையைப் பார்க்கும். நீ கையால் சொன்னதும் நான்கு பேரும் இடம் மாறுவார்கள். முதல் நாளே எனக்குப் பந்து வந்தது. அதுவும் ஒருமுறையல்ல. வீட்டுக்குப் போகும் வழியில் அழுதேன் என்று உனக்குச் சொன்னதில்லை.

நீ கட்டைபறிச்சானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாய். வயல் வேலை இல்லாத காலத்தில் பைபர் வள்ளம் கட்டுகிற இடத்தில் வேலை. பயிற்சி முடிந்ததும் நாம் இருவரும் தேத்தண்ணி குடிக்க உள்துறைமுக வீதியால் நடப்போம். மாரி காலத்தில் என் மெஷினைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். அப்படி நடந்த ஒருநாள் பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். நான் உன் கையையும் இழுத்துக்கொண்டு வீதியோரக் கானுக்குள் பாய்ந்தேன். முழங்கால்வரை சேறு. நீ எழும்பி என் காதைப் பார்த்தாய், பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாய்.

"மெஷின் இல்லாமலே கேட்குமா?"

"ஹோர்ன் மட்டும். அதுவும் மிகக் கிட்ட வந்தால்தான்."

அது உண்மை. மெஷின் இல்லாத நேரம் எனக்கு ஒரு ஹோர்ன் கேட்டால் வாகனம் முதுகில் முட்டப்போகிறது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே கேட்டதும் இடப்பக்கம் பாய்ந்துவிடுவேன். யோசிக்கிற வேலையே இல்லை. நீ அன்று சிரித்தாய். அதன் பிறகு வீதியில் நடக்கும்போது எப்போதும் என் இடப்பக்கமே நடந்தாய். இழுத்தால் நேரே கானுக்குள் போக வசதியாம்.

பிறகு கண்டியில் அந்தச் சுற்றுப்போட்டி வந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் காதுப் பரிசோதனைப் பேப்பர் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நல்ல காதிலும் ஐம்பத்தைந்து டெசிபலாவது குறைந்திருக்க வேண்டும். அதைவிடக் கேட்கிறவன் ஆடக்கூடாது. ஆடினால் அந்த ஒருவனுக்காக முழு அணியையும் விலக்குவார்கள். மற்றவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. நான் மட்டும் வீட்டுக்குப் போய் அலுமாரியைக் கிளறினேன். என் பழைய பேப்பரில் இடது காது நாற்பத்தொன்பது.

நாற்பத்தொன்பது என்றால் என்ன தெரியுமா மச்சான்? கேட்கிறவர்களோடு ஆட அது போதாது. கேளாதவர்களோடு ஆட அது கூடிப்போச்சு. அப்படியொரு இலக்கத்தோடு ஒருவன் எங்கே போய் நிற்பது?

சின்ன வயதில் அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகக் கேளாத சத்தத்துக்கும் பட்டனை அமத்தியிருக்கிறேன். அன்று வெளியே நீ இருந்தாய். "சத்தம் எவ்வளவு மெல்லமாக் கேட்டாலும் அமத்துங்கோ" என்றாள் மிஸ். மெல்லிய சத்தம் வந்தது. கேட்டது. அமத்தவில்லை. கொஞ்சம் பெருத்தது. அமத்தவில்லை. உள்ளங்கை வியர்த்துப் பட்டன் வழுக்கியது. அவள் கண்ணாடியூடாக என் முகத்தைப் பார்ப்பது தெரிந்ததால் கண்ணைத் தாழ்த்தி என் செருப்பையே பார்த்தேன். இன்னும் பெருத்தபின் அமத்தினேன்.

"இன்னொருக்கா செய்து பாப்பம். ஒரே மாதிரி வருகுதில்லை" என்றாள்.

இரண்டாம் தரம் முதல் தரத்தைவிடக் கவனமாகப் பொய் சொன்னேன். எந்த அளவில் அமத்துவது என்று ஒரு சத்தத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குக் கீழே வந்த எல்லாவற்றையும் விழுங்கினேன். பேப்பரில் ஐம்பத்தெட்டு என்று வந்தது. வெளியே வந்து உன்னிடம் நீட்டினேன். நீ அந்த இலக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். கானுக்குள் பாய்ந்த நாள் உன் ஞாபகத்துக்கு வந்திருக்கும். ஆனால் கேட்கவில்லை. பேப்பரை மடித்து என் பையில் வைத்து, "பேப்பர் சரி என்றால் சரி" என்றாய். என்னை நம்பினாய் என்றே அன்று நினைத்தேன். எனக்கே சொல்ல ஒரு சந்தர்ப்பம் தந்தாய் என்று இப்போது நினைக்கிறேன்.

அரையிறுதியில் நாம் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்றோம். இரண்டு கோலும் நான் அடித்தது. நான்கு நிமிடம் மிச்சம். மெஷினை வெளியே ஏற்பாட்டாளர்களின் மேசையில் வைத்துவிட்டுத்தானே உள்ளே போக வேண்டும். நடுவர் விசிலுக்குப் பதில் கொடிதான் பிடிப்பார். மண்டபம் முழுக்கச் சனம், எனக்கு எல்லாம் மூடிய பானைக்குள் நடப்பதுபோல. பந்து என் காலில். முன்னால் ஒரே ஒருவன்தான். அந்த நேரம் மண்டபத்தின் திறந்த கதவை ஒட்டித் தூரப்பயண பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது.

நான் பாய்ந்தேன். பந்தை அப்படியே விட்டுவிட்டு, நட்ட நடுத் திடலில், இடப்பக்கமாக, கானுக்குள் பாய்வதுபோலப் பாய்ந்தேன்.

ஒன்பது பேர் என்னைப் பார்த்தார்கள். ஏன் பாய்ந்தேன் என்று அவர்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை, உன்னைத் தவிர. ஆனால் மற்ற அணியின் மனேஜர் காது கேட்கிறவர். அவர் வாயைத் திறந்தபடி மேசைக்கு ஓடுவதைக் கண்டேன். கொடி உயர்ந்தது. ஆட்டம் நின்றது.

மேசைக்குக் கூப்பிட்டு மெஷினை மாட்டச் சொன்னார்கள். மாட்டியதும் முதலில் காதில் விழுந்தது அந்த மனேஜரின் குரல்.

"ஹோர்ன் அடிக்கப் பாஞ்சவன். நான் கண்ணால கண்டனான். அவனுக்குக் கேக்குது!"

சைகை தெரிந்த ஒரு அக்கா மொழிபெயர்ப்புக்கு நின்றா. என் பக்கம் திரும்பினா. "தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. கேட்டதோ?"

"இல்லை அக்கா. கெண்டைக்கால் பிடிச்சது."

"கேட்டதெண்டால் உங்கட ஆக்கள் எல்லாரும் வெளியில போகோணும். தெரியும்தானே?"

"தெரியும். கேக்கேல்ல."

நான் வாயால் சொன்னதை அவ உன்னிடம் கையால் சொன்னா. நீ அவவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றாய். நான் குனிந்து கெண்டைக்காலைப் பிசைந்தேன். மறுபடி, "நீயே சொல்லு." நிமிர்ந்து உனக்கும் அதையே சொன்னேன். கால் பிடித்தது என்று, உனக்கு, அந்தக் கானுக்குள் என்னோடு விழுந்து எழும்பிய உனக்குச் சொன்னேன். நீ அக்காவின் பக்கம் திரும்பினாய். உன் கைகள் மெதுவாக அசைந்தன.

"கேட்டது. ஹோர்ன் கேட்டால் அவன் வீதியில் இப்படித்தான் பாய்வான்."

நம் அணி முழுவதும் பின்னால் நின்று அதைக் கண்டது. ஏற்பாட்டாளர்களில் பெரியவர் ஒருவர் என் பேப்பரைக் கையில் எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். "டொக்டர்மார் தந்த பேப்பருக்கு மேல நாங்கள் போக ஏலாது. விளையாட விடுங்கோ" என்றார். என் பொய் வென்றது. உன் உண்மை மேசையில் ஒரு பிரயோசனமும் இல்லாமல் கிடந்தது.

நீ கையுறையைக் கழற்றி றியாஸிடம் கொடுத்தாய். புல்மோட்டை றியாஸ்தானே நீ இல்லாவிட்டால் கோல் காப்பவன். அவன் அதை வாங்கும்போதே உன்னைப் பார்த்து ஒரு சைகை காட்டினான். அதை எழுத எனக்குக் கூசுகிறது. சொந்த ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிறவனுக்கு நாம் காட்டும் சைகை. நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் போய் என் இடத்தில் நின்றேன். அரையிறுதியை வென்றோம், பின்னேரத்து இறுதியையும் பெனால்டியில் வென்றோம். கிண்ணத்தோடு எடுத்த படத்தில் ஏழு பேர் நிற்கிறோம்.

மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் ஏழு பேரும் கடைசிச் சீட்டுகளில். நீ முன்னால் தனியே. தம்புள்ளை தாண்டியதும் எழும்பி, கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து எங்களுக்கு முன்னால் நின்றாய். காலைச் சீட்டில் முட்டுக்கொடுத்து இரண்டு கையையும் விடுவித்தாய். எங்களோடு கதைக்கப்போகிறாய் என்று தெரிந்தது. சுட்டுவிரலை நீட்டி என்னைக் காட்டினாய்.

நான் கண்ணை மூடினேன்.

கேட்கிற சனத்துக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று விளங்காது. அவர்கள் கோபித்தால் முகத்தைத் திருப்புவார்கள், ஆனாலும் காது திறந்தே இருக்கும். நமக்குக் கண்ணை மூடினால் எதிரில் இருப்பவன் இல்லை. அடித்தாலும் பொறுப்போம், இதைப் பொறுக்கமாட்டோம். நீதான் பயிற்சியில் சொல்வாய், "எவ்வளவு கோபம் என்றாலும் கண்ணைத் திறந்துவைத்துக் கோபி" என்று. அன்று முதலில் மூடியவன் நான். திறந்திருந்தால் ஒன்றில் அழுதிருப்பேன், அல்லது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

ஹபரணையில் பஸ் நின்றது. கண்ணைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். நீ அங்கேயே நின்றாய். கைகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. என் பக்கத்தில் றியாஸின் கண் மூடியிருந்தது. மற்ற ஐந்து பேருடையதும் மூடியிருந்தது. முன் சீட்டுப் பிள்ளை ஒன்று திரும்பி முழங்காலில் நின்று உன் கைகளை வேடிக்கை பார்த்தது. நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு என்னைக் கப்டன் ஆக்கினார்கள். நானும் ஆனேன். வெட்கம் கெட்டவன். நீ இரண்டு ஞாயிறு வந்து வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்து பார்த்தாய். யாரும் உன் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் ஞாயிறு நீ வரவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. பிறகு வயலில் இறங்கிய நாட்களில் எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள்.

செத்த வீட்டுக்கு ஏழு பேரும் வந்தோம். சனம் சொன்னதையெல்லாம் நான் மற்றவர்களுக்குக் கையால் சொன்னேன். உன் மனைவிக்குக் காது கேட்கும், தெரியும்தானே. என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டா.

"கண்டியில என்ன நடந்தது அண்ணா? இவ்வளவு நாளும் கேட்டுப் பாத்திட்டன், அவர் சொல்லவே இல்லை."

"ஒண்டும் இல்லைத் தங்கச்சி. சின்னக் கோபம்."

உன் உடல் அடுத்த அறையில் கிடக்க அப்படிச் சொன்னேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். அடுத்த மாதம் போட்டி, புதுப் பேப்பர் வேண்டும். இந்த முறை கேட்ட ஒவ்வொன்றுக்கும் உடனே அமத்தினேன். சந்தேகமாகக் கேட்டதற்கும் அமத்தினேன். மிஸ் பேப்பரை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "முந்தியைவிடக் கேக்கிறது இன்னும் குறைஞ்சிட்டுது. கவலைப்படாதேங்கோ, புது மெஷின் ஒண்டு பாப்பம்." அறுபத்து மூன்று. பொய்யில்லாத அறுபத்து மூன்று. நான் சிரித்துவிட்டேன், அவள் பயந்துபோனாள்.

எவ்வளவு வசதி பார். இனி நான் ஆட ஒரு பொய்யும் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழைய கதையை யாரும் கிளறப்போவதில்லை. அணிக்கு நட்டமில்லை, எனக்கு நட்டமில்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் உன்மேல் கிடக்கும். நீயோ உயிரோடு இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கட்டைபறிச்சானுக்குப் போய் உன் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவ முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவ, நிமிரவே இல்லை. கடைசியில் கேட்டா:

"இதை மற்ற ஆறு பேருக்கும் சொல்லிட்டீங்களோ?"

"இல்லை."

"அப்ப எனக்கேன் சொல்லுறீங்கள்? எனக்கு அவரைத் தெரியும். அவையளுக்குச் சொல்லுங்கோ."

நேற்று ஞாயிறு. பயிற்சி தொடங்க முதல் ஆறு பேரையும் கோல் கம்பத்தடியில் நிற்க வைத்தேன். முதல் சைகை பிழையாகப் போனது. திரும்பத் தொடங்கினேன். பட்டன், நாற்பத்தொன்பது, ஹோர்ன், கெண்டைக்கால். "அவன் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்." இரண்டு விரலால் புருவத்தைத் தொட்டபோது ஒருவன் கண்ணை மூடினான். பிறகு அடுத்தவன். பிறகு இன்னும் மூன்று பேர். நான் நிறுத்தவில்லை. நீ நிறுத்தவில்லையே. மூடிய கண்களுக்கு முன்னால் கையை அசைப்பது எப்படியிருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது. கிண்ணத்தைத் திருப்பி அனுப்பி ஏற்பாட்டாளர்களுக்கு எழுதப்போகிறேன் என்றும், இனி நான் கப்டன் இல்லை என்றும் சொல்லி முடித்தேன்.

றியாஸ் மட்டும் கடைசிவரை கண்ணைத் திறந்துவைத்திருந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை.

"பஸ்ஸில் அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டான்.

"நீ பார்க்கவில்லையா?"

"நான் உன்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினேன்."

அவன் மற்றவர்களின் தோளை ஒவ்வொன்றாகத் தட்டினான். கண்களைத் திறந்தார்கள். எல்லோரிடமும் அதையே கேட்டான். ஒவ்வொருவனாகத் தலையை ஆட்டினான். தம்புள்ளையிலிருந்து ஹபரணைவரை நீ நின்று சொன்னதில் ஒரு சொல்லை ஒருவன்கூடக் காணவில்லை. கேட்கிற சனம் பஸ் நிறைய இருந்து பார்த்தது, அவர்களுக்கு விளங்கியிருக்காது.

றியாஸ் மறுபடி என்னிடம் வந்தான். "நீ எவ்வளவு பார்த்தாய்? அதையாவது காட்டு."

காட்டினேன். சுட்டுவிரலை நீட்டி, நீ என்னைக் காட்டியதுபோல, அவன் நெஞ்சைக் காட்டினேன். "நீ." அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், அடுத்த சைகை வரும் என்று.